மாஸ்டா எம்எக்ஸ்-5 பாப்-அப் ஹெட்லைட்: இடது பக்கம் மட்டும் பாதியில நிக்குது, மோட்டாரே மாத்தணுமா?

பழையரோட்ஸ்டர்:

வணக்கம் மக்களே. என்கிட்ட இருக்கறது முதல் தலைமுறை எம்எக்ஸ்-5, 1992 மாடல், 1.6 இன்ஜின். கொஞ்ச நாளா இடது பக்க ஹெட்லைட் படுத்தி எடுக்குது. ஸ்விட்ச் போட்டா வலது பக்கம் ஒரே மூச்சுல மேல வந்துடுது, இடது பக்கம் பாதி தூரம் வந்து அப்படியே நின்னுடுது. பல்பு மட்டும் எரியுது, ஆனா வெளிச்சம் ரோட்டுக்குப் போகாம வண்டி மூக்கு மேலயும் முன்னாடி தரையிலயும் கொட்டுது. டேஷ்போர்டு நடுவுல விளக்கை தூக்கறதுக்குன்னு தனியா ஒரு பட்டன் இருக்கே, அதை ரெண்டு மூணு தடவை அமுக்கினா சில நேரம் மிச்ச தூரமும் ஏறிடுது, சில நேரம் அசையவே மாட்டேங்குது. இறங்கறதுல பெருசா பிரச்சினை இல்ல. மழை நாள்லயும், வண்டியை கழுவின மறுநாளும் ரொம்ப மோசம்.

இன்னொன்னும் நடந்துச்சு, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு தெரியல. ஒருநாள் நைட்டு ஓட்டிட்டு இருக்கும்போது இதே இடது பக்கம் நிக்காம மேல கீழ மேல கீழன்னு ஆடிக்கிட்டே இருந்துச்சு, எதிர்ல வர்றவங்களுக்கு கண்ணடிக்கற மாதிரி. ஓரமா நிறுத்தி ஃபியூஸ் புடுங்கற வரைக்கும் நிக்கல. அந்த நேரம் வலது பக்கம் ஒழுங்கா மேலேயே நின்னுச்சு.

ஒரு வொர்க்‌ஷாப்ல காட்டினேன், பானட்டை தூக்கி ஒரு பார்வை பாத்துட்டு மோட்டார் போச்சு செட்டா மாத்திடுங்கன்னு சொல்லிட்டாங்க. மல்டிமீட்டர் வச்சு எதுவும் பாக்கல. புது மோட்டார் கிடைக்கறது கஷ்டம், பழைய வண்டியில இருந்து கழட்டினதை வாங்கினா அதுவும் இதே வயசு, இதே நோய் அதுக்கும் இருக்கலாம். என்ன கெட்டுப்போச்சுன்னே தெரியாம பார்ட்ஸ் மாத்த மனசு வரல. ஃபியூஸ் நல்லா இருக்கு, பேட்டரியும் நல்லா இருக்கு. எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னு யாராவது சொல்லுங்க. தூக்காம ஃபிக்ஸ் பண்ற லைட்டா மாத்திடுன்னு மட்டும் சொல்லாதீங்க, இந்த வண்டிக்கு அழகே அந்த ரெண்டு கண்ணு திறக்கறதுதான்.


வயரிங்பித்தன்:

நண்பா, மோட்டார் மாத்தாதீங்க, இப்போதைக்கு. நீங்க எழுதினதுலயே பாதி விடை இருக்கு. ஒரு பக்கம் சரியா வேலை செய்யுதுன்னா ரெண்டுக்கும் பொதுவா இருக்கற ஃபியூஸ், ஸ்விட்ச், பட்டன் இதெல்லாம் பரவாயில்லைன்னு வச்சுக்கலாம். ரெண்டு கண்ணும் சேர்ந்து ஆடினா அந்தப் பக்கம் தேடணும், ஒண்ணு மட்டும் ஆடுதுன்னா அந்த ஒரு மோட்டார், அதோட கனெக்டர், அதோட எர்த், அதோட லிங்க் இந்த நாலுக்குள்ளதான் கோளாறு.

முதல்ல இந்த மோட்டார் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கோங்க, அது தெரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும். நிறைய பேர் மோட்டார் ஒரு பக்கம் சுத்தினா ஏறும், திருப்பி சுத்தினா இறங்கும்னு நினைக்கறாங்க. இதுல அப்படி இல்ல. மோட்டார் எப்பவும் ஒரே திசையிலதான் சுத்துது. மோட்டார் ஷாஃப்ட்ல ஒரு கிராங்க் ஆர்ம் இருக்கு, அது அரை சுத்து சுத்தினா லிங்க் ராட் வழியா விளக்கு ஏறுது, அதே திசையில மிச்ச அரை சுத்து சுத்தினா இறங்குது. சரி, அரை சுத்துல நிக்கணும்னு மோட்டாருக்கு யார் சொல்றது? உள்ள கியரோட சேர்ந்து சுத்தற ஒரு தட்டு இருக்கு, அதுல செப்புத் தடம், அது மேல ஸ்பிரிங் மாதிரி மெல்லிசா விரல்கள் உரசிக்கிட்டே இருக்கும். விரல் செப்பு மேல இருக்கற வரைக்கும் கரண்ட் போகும், மோட்டார் சுத்தும். செப்பு இல்லாத இடைவெளிக்கு விரல் வந்ததும் கரண்ட் கட், மோட்டார் நிக்கும். வைப்பரை நடுவுல ஆஃப் பண்ணாலும் அது தன் இடத்துக்குப் போய்தான் நிக்கும் இல்லையா, அதே ஏற்பாடுதான்.

இப்ப உங்க ரெண்டு பிரச்சினையையும் இதை வச்சு பாருங்க. செப்புத் தடத்துல நடுவுல எங்கயாவது பச்சை பூத்திருந்தாலோ, கிரீஸ் காஞ்சு பிசின் மாதிரி ஒட்டியிருந்தாலோ விரல் அந்த இடத்துக்கு வரும்போது கரண்ட் கட் ஆகுது, விளக்கு பாதியில நிக்குது. அதே மாதிரி நிக்க வேண்டிய இடைவெளியில செப்புத் தூளும் அழுக்கும் ஈரமும் சேர்ந்து பாலம் போட்டுடுச்சுன்னா கரண்ட் கட் ஆகவே ஆகாது, மேல கீழன்னு ஆடிக்கிட்டே இருக்கும். ரெண்டும் ஒரே நோயா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு, மழை நாள்ல மோசம்னு சொல்றதும் ஒத்துப்போகுது. ஆனா இது என் சந்தேகம்தான், உறுதிப்படுத்தாம எதையும் பிரிக்க வேண்டாம்.

செய்ய வேண்டியது இது. அடுத்த தடவை பாதியில நிக்கும்போது ஸ்விட்சை ஆஃப் பண்ணாம இறங்கி காது கொடுத்து கேளுங்க. உம்முன்னு ஒரு முனகல் இருக்கா, டேஷ் லைட் கொஞ்சம் மங்குதா? அப்படின்னா கரண்ட் போகுது, மோட்டார் முயற்சி பண்ணுது, ஏதோ இறுகிப் பிடிச்சிருக்கு. சத்தமே இல்லாம செத்த மாதிரி இருந்தா கரண்ட் மோட்டாருக்கு உள்ள போய்ச் சேரல. இந்த ஒரு விஷயத்தை வச்சே மெக்கானிக்கலா எலக்ட்ரிக்கலான்னு பிரிச்சுடலாம்.

அடுத்தது, நிக்கற உயரம். எப்பவும் ஒரே உயரத்துல நிக்குதா, தினம் ஒரு இடமா? ஒரு டேப் ஒட்டி குறிச்சு வைங்க. ஒரே இடம்னா செப்புத் தடத்துல அந்த இடம்தான் கெட்டிருக்கு. ஏன்னா விளக்கு ஒரு தடவை ஏறி இறங்கறதுக்குள்ள தட்டு ஒரே ஒரு சுத்துதான், ஒவ்வொரு உயரத்துக்கும் தட்டுல ஒரு குறிப்பிட்ட இடம் இருக்கு. கண்ட இடத்துல நிக்குதுன்னா, அதுவும் மோட்டாரை லேசா தட்டினா கிளம்புதுன்னா, கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கலாம் இல்ல அந்த பிரஷ் உரசற செப்பு வளையம், அதாவது கம்யூட்டேட்டர், அழுக்கா இருக்கலாம், ஏன்னா தட்டு ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள ஆர்மேச்சர் (மோட்டாருக்குள்ள சுத்தற பாகம்) எத்தனையோ தடவை சுத்திடும், அது எங்க வேணா நிக்கும்.

அப்புறம் மீட்டர். கனெக்டரை கழட்டி அளக்காதீங்க, இது ரொம்ப முக்கியம். லோடு இல்லாம அளந்தா ஒத்தை இழையில தொங்கற வயர் கூட 12 வோல்ட் காட்டும். கனெக்டர் மாட்டியிருக்கும்போதே பின்பக்கமா வயர் ஓரமா மீட்டர் முள்ளை சொருகி, பாதியில நிக்கற நிலையில, வயரிங் டயக்ராம்ல பாத்து மோட்டாருக்கு வர்ற சப்ளையையும் எர்த்தையும் அளங்க. அங்க முழு வோல்டேஜ் இருந்தும் மோட்டார் சும்மா இருக்குதுன்னா கோளாறு மோட்டார் டப்பாவுக்கு உள்ள. வோல்டேஜ் இல்லைன்னா வயர்லயும் கனெக்டர்லயும் தேடுங்க.


நீலக்கூப்பே:

மேல சொன்னது அருமையான விளக்கம், ஆனா மெக்கானிக்கல் பக்கத்தை ஒரு தடவை பாக்காம எலக்ட்ரிக்கலுக்குள்ள போகாதீங்க ப்ரோ, அதைப் பாக்க கொஞ்ச நேரம்தான் ஆகும். மோட்டார் பின்னாடி ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதை எடுத்தா கையால சுத்தற குமிழ் தெரியும். மோட்டார் செத்துப்போனா விளக்கை கையால தூக்கறதுக்குன்னே வச்சது. முதல்ல கனெக்டரை கழட்டுங்க இல்ல பேட்டரி நெகட்டிவை எடுங்க, விரலை உள்ள வச்சிருக்கும்போது மோட்டார் திடீர்னு கிளம்பினா அந்த கிராங்க் ஆர்ம் விரலை நசுக்கிடும், இதுல தயவு செஞ்சு அலட்சியம் வேண்டாம். அப்புறம் குமிழை மேனுவல்ல சொல்ற திசையில மெதுவா சுத்தி ஒரு முழு ரவுண்டு கொண்டு வாங்க. முழுக்க ஒரே மாதிரி சுத்துதா, எங்கயாவது கனமா இறுகுதான்னு கைக்கு தெரியும். பிறகு வலது பக்கமும் அதே மாதிரி சுத்திப் பாத்து ஒப்பிடுங்க.

இறுகுதுன்னா எங்க பாக்கணும்னா, லிங்க் ராட் ரெண்டு முனையிலயும் இருக்கற பால் ஜாயின்ட் (கப்புக்குள்ள குண்டு உக்கார்ற மூட்டு), விளக்கு டப்பா திரும்பற கீல், அப்புறம் மூடிக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கற சந்து. சந்து ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கான்னு பாருங்க. முன்னாடி எப்பவாவது லேசா இடிச்சு சரி பண்ணின வண்டின்னா மூடி ஓரம் ஃபெண்டர்ல உரசும், உரசின இடத்துல பெயின்ட் போயிருக்கும், அதுவே சாட்சி. எல்ஈடி லைட் மாத்தியிருக்கீங்களா? அந்த 7 இன்ச் ரவுண்டு எல்ஈடி சிலதுல பின்னாடி பெரிய அலுமினிய ஹீட்சிங்க் இருக்கும், ஒரிஜினலை விட கனம், டப்பாவுக்குள்ள ஏதாவது இடத்துல முட்டலாம், வயரையும் கடிக்கலாம்.

வேற வண்டி வச்சிருக்கறவங்க இந்த திரெட்டை படிச்சா குழம்பிடக் கூடாதுன்னு ஒரு விஷயம். பாப்-அப் லைட்னு பேர் ஒண்ணுதான், உள்ள இருக்கற மெக்கானிசம் ஒவ்வொரு வண்டிக்கும் வேற வேற. 1936-ல வந்த கார்ட் 810-ல டிரைவரே டேஷ்போர்டுல இருந்த கைப்பிடியை சுத்தி விளக்கை வெளிய கொண்டு வரணும். 1968-ல இருந்து வந்த மூணாம் தலைமுறை கார்வெட்ல மோட்டாரே கிடையாது, இன்ஜின் வேக்குவம்தான் தூக்கும், அதனால அங்க ஒரு கண்ணு சோம்பலா ஏறுச்சுன்னா மீட்டரை தூக்கி வச்சுட்டு வேக்குவம் ஹோஸ்ல கசிவு தேடணும். போர்ஷே 944-ல ஒரே மோட்டார், அது ஒரு குறுக்கு ராட் வழியா ரெண்டு பக்கத்தையும் சேர்த்து தூக்குது, அங்க ஒரு பக்கம் மட்டும் நின்னா மோட்டாரை சந்தேகப்படறதுல அர்த்தமே இல்ல, லிங்க்தான். 1997-ல இருந்து 2004 வரைக்கும் வந்த அஞ்சாம் தலைமுறை கார்வெட்ல மோட்டார் ஓடற சத்தம் நல்லா கேக்கும், விளக்கு மட்டும் வராது, உள்ள இருக்கற நைலான் கியரோட பல் தேஞ்சு போறதுதான் பெரும்பாலும் காரணம், அதுக்கு பித்தளை கியர் வாங்கிப் போடறாங்க. அதனால சத்தம் இருக்கு அசைவு இல்லைங்கறது ஒரு நோய், சத்தமும் இல்ல அசைவும் இல்லைங்கறது இன்னொரு நோய்.

இன்னொரு சின்ன விஷயம், பல்புக்கு போற வயர் விளக்கோட சேர்ந்து ஒவ்வொரு தடவையும் மடங்கி நிமிருது, வருஷக்கணக்கா மடங்கினா தோல் நல்லா இருக்கும் உள்ள செப்பு இழை அறுந்திருக்கும், பல்பு மினுக்கும். உங்களுக்கு பல்பு நல்லா எரியுது, அதனால அது இப்ப பிரச்சினை இல்ல, கழட்டும்போது ஒரு பார்வை பாத்துக்கோங்க. மோட்டார் வயர் அப்படி மடங்கறதில்ல, மோட்டார் பாடியில பிடிச்சு வச்ச இடத்துலயே இருக்கு.


பழையரோட்ஸ்டர்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, சொன்ன மாதிரியே வரிசையா பாத்தேன். எல்ஈடி எல்லாம் இல்ல, ஒரிஜினல் லைட்தான். சந்து சமமா இருக்கு, பெயின்ட் உரசல் இல்ல. கனெக்டரை கழட்டிட்டு குமிழை கையால சுத்திப் பாத்தேன், வலது பக்கத்துக்கும் இதுக்கும் பெருசா வித்தியாசம் தெரியல, எங்கயும் இறுகல. இடது பக்க ரப்பர் மூடியில ஒரு நீள வெடிப்பு இருக்கு, வலது பக்க மூடி முழுசா இருக்கு, இதையும் சொல்லி வைக்கறேன்.

டேப் ஒட்டிப் பாத்தேன். ஏறும்போது நின்னா எப்பவும் ஒரே இடம்தான், ஒரு விரல் அகலம் கூட மாறல. இறங்கும்போது ஒரு தடவை கூட நிக்கல. நின்ன நேரத்துல சத்தமே இல்ல, டேஷ் லைட் மங்கல. கனெக்டர் பின்னாடி மீட்டர் வச்சா பேட்டரியில என்ன இருக்கோ கிட்டத்தட்ட அதே வோல்டேஜ் அங்கயும் இருக்கு. மோட்டாரை ஸ்குரூடிரைவர் கைப்பிடியால தட்டிப் பாத்தேன், கிளம்பல. ஸ்விட்ச் ஆஃப் பண்ணி கனெக்டரை கழட்டி, குமிழை கொஞ்சூண்டு சுத்திட்டு, மறுபடி மாட்டி ஸ்விட்ச் போட்டா மிச்ச தூரத்தை ஒழுங்கா ஏறிடுது.

அப்படின்னா வயரிங்பித்தன் சொன்ன அந்த செப்புத் தட்டுதானே? இறங்கும்போது நிக்காததுக்கு என்ன காரணம்? தட்டுதான்னா மோட்டாரை நானே பிரிக்கலாமா, பிரிச்சா திரும்ப சேர்க்க முடியுமா?


வயரிங்பித்தன்:

தட்டேதான் நண்பா, இதுக்கு மேல சாட்சி வேண்டியதில்ல. இறங்கும்போது நிக்காததுக்கு காரணம் சுலபம், ஏர்றது தட்டோட ஒரு பாதி, இறங்கறது இன்னொரு பாதி. ஏர்ற பாதியில ஒரு இடம் கெட்டிருக்கு, அவ்வளவுதான். மோட்டார்ல காயில் போயிருந்தா இப்படி இடம் பாத்து நிக்காது. பட்டனை பல தடவை அமுக்கினா சில நேரம் ஏறினதுக்கும் அதுதான், அழுக்குக்கு நடுவுல விரல் எங்கயோ லேசா தொட்டுக்கிட்டு இருந்திருக்கும்.

தாராளமா பிரிக்கலாம், அவசரப்படாம இருந்தா போதும். விளக்கு மேல இருக்கற நிலையில வச்சுட்டு பேட்டரி நெகட்டிவை எடுங்க. கிராங்க் ஆர்ம்ல இருந்து லிங்க் ராடை பால் ஜாயின்ட்லயே நெம்பி எடுக்கலாம், நெம்பும்போது ஒரே பக்கம் அழுத்தாம கொஞ்சம் கொஞ்சமா சுத்தி சுத்தி நெம்புங்க, பிளாஸ்டிக் கப் வயசானது, வாய் விரிஞ்சிடும். லிங்க் எடுத்ததும் விளக்கு டபக்னு விழும், ஒரு கட்டை முட்டுக் கொடுத்துக்கோங்க. அடுத்தது மறக்கவே கூடாத வேலை: கிராங்க் ஆர்ம் ஷாஃப்ட்ல எந்த வாக்குல உக்காந்திருக்குன்னு பெயின்ட் மார்க்கரால ஆர்ம், ஷாஃப்ட், டப்பா மூணுலயும் சேர்த்து ஒரு கோடு போடுங்க, போட்டோவும் எடுங்க. அரை சுத்து மாறி மாட்டினா லைட் ஆஃப் பண்ணும்போது தூக்கும், ஆன் பண்ணும்போது மூடிக்கும்.

கனெக்டர் கிளிப்பை ரெண்டு விரலால நல்லா அமுக்கிட்டு இழுங்க, வயரைப் பிடிச்சு இழுக்காதீங்க, 30 வருஷ பிளாஸ்டிக் கண்ணாடி மாதிரி உடையும். மோட்டார் மூடி ஸ்குரூ இறுகியிருந்தா சரியான சைஸ் ஸ்குரூடிரைவரை வச்சு மேல ஒரு தட்டு தட்டிட்டு திருப்புங்க, தலை வழுக்கிடுச்சுன்னா அதுக்கு மேல பெரிய வேலை ஆயிடும். மூடி திறந்ததும் உள்ள எதையும் தொடாம முதல்ல போட்டோ, விரல்கள் எந்தப் பக்கம் வளைஞ்சிருக்குன்னு தெளிவா தெரியற மாதிரி. பழைய கிரீஸை துணியால வழிச்சு எடுத்துட்டு கான்டாக்ட் கிளீனர் இல்ல ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வச்சு தொடைங்க, பெட்ரோல் தின்னர் இதெல்லாம் பக்கத்துலயே வேண்டாம், தட்டோட பிளாஸ்டிக்கை கெடுத்துடும். செப்பு மேல இருக்கற பச்சையை பென்சில் அழிரப்பரால தேச்சாலே போயிடும், பிடிவாதமா இருந்தா 2000 கிரிட் பேப்பர்ல (ரொம்ப நைஸான உப்புத்தாள்) ரொம்ப லேசா. இடைவெளியில இருக்கற கறுப்பு அழுக்கை ஒரு மரக்குச்சியால சுரண்டி எடுங்க, நிக்காம ஆடினதுக்கு காரணம் அதுலதான் இருக்கும். விரல்களோட முனையையும் தொடைங்க. டென்ஷன் குறைஞ்ச மாதிரி தெரிஞ்சா மட்டும் மயிரிழை அளவு வளைங்க, அதிகமா வளைச்சா செப்பை உழுதுடும்.


இரவுப்பயணி:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும் சார், அந்த 2000 கிரிட் பேப்பர்ல எனக்கு உடன்பாடு இல்ல. அந்தத் தடத்துல செப்பு ரொம்ப மெல்லிசா இருக்கும். பேப்பர் போட்டா அப்ப பளபளன்னு ஆயிடும், ஆனா மேல கோடு விழும், அந்தக் கோட்டுல அழுக்கும் ஈரமும் தங்கும், விரலும் சீக்கிரம் தேயும். அழிரப்பர்ல போகலைன்னா கான்டாக்ட் கிளீனரை அடிச்சு கொஞ்ச நேரம் ஊற விட்டு மறுபடி அழிரப்பர், மறுபடி கிளீனர், பொறுமையா போங்க. குழி விழற அளவுக்கு அரிச்சிருந்தா மட்டும் பேப்பர் பத்தி யோசிக்கலாம்.

கிரீஸ் விஷயத்துலயும் நிறைய பேர் ஒரே டப்பாவை எல்லா இடத்துக்கும் பூசிடறாங்க. கியருக்கு வெள்ளை லித்தியம் கிரீஸ் தாராளமா வைங்க. செப்புத் தடத்துக்கு எலக்ட்ரிகல் கான்டாக்டுக்குன்னு விக்கற மெல்லிய கிரீஸ், அதுவும் விரலால தடவித் துடைச்ச பிறகு மிஞ்சற படலம் போதும், ஈரம் ஏறாம இருக்கறதுக்குத்தான் அது. கெட்டியா பூசினா இன்னும் சில வருஷத்துல அதே பிசின், அதே பாதி கண்ணு. டபிள்யூடி-40 அடிச்சு விட்டா போதும்னு சொல்றவங்களும் இருக்காங்க, அது துருவை இளக்கவும் ஈரத்தை விரட்டவும் நல்லது, இங்க கிரீஸுக்கு பதிலா நிக்காது.

மூடி போடும்போது கேஸ்கெட் பிஞ்சிருந்தா சிலிகான் போடுவீங்க, அதுல வினிகர் வாசம் அடிக்கற வகையை எடுக்காதீங்க, அது காயும்போது வர்ற அமிலம் செப்பை அரிக்கும். நியூட்ரல் க்யூர்னு போட்டிருக்கறதை வாங்குங்க. உங்க கேஸ்ல அந்த வெடிச்ச ரப்பர் மூடிதான் மூல காரணம்னு நினைக்கறேன், தண்ணி ஷாஃப்ட் ஓரமா உள்ள இறங்கியிருக்கும், அதை மாத்தாம மூடினா எல்லா வேலையும் வீண்.

வண்டியில மாட்டறதுக்கு முன்னாடி வெளியவே டெஸ்ட் பண்ணுங்க. லிங்க் ராட் சேர்க்காம மோட்டாரை கனெக்டர்ல மட்டும் மாட்டி ஸ்விட்ச் போட்டு, ஆர்ம் அரை சுத்துல கரெக்டா நிக்குதான்னு பாருங்க, ஆஃப் பண்ணி அடுத்த அரை சுத்து. மோட்டாரை ஒரு துணியில சுத்தி ஏதாவதுல பிடிச்சு வைங்க, கையில வச்சுக்கிட்டு பண்ணாதீங்க.

இதெல்லாம் முடியற வரைக்கும் நைட்டு வண்டி எடுக்க வேண்டி வந்தா, இடது மோட்டாரோட கனெக்டரை கழட்டிட்டு குமிழால விளக்கை முழுசா தூக்கி விட்டுட்டு அப்படியே ஓட்டுங்க. பல்புக்கு போற லைன் வேற, அது எரியும். பாதி திறந்த கண்ணோட நைட்டு ரோட்டுக்கு போகாதீங்க, எதிர்ல வர்றவங்களுக்கு ஒரு பக்கம்தான் தெரியும், பைக்குன்னு நினைச்சு நெருங்கி வருவாங்க.


பழையரோட்ஸ்டர்:

வேலை முடிஞ்சுது, எல்லாருக்கும் மனசார நன்றி. மூடி திறந்ததும் அப்படியே நீங்க எல்லாம் எழுதினது கண்ணு முன்னாடி. செப்புத் தடத்துல ஏர்ற பாதிக்கு நடுவுல பச்சையா ஒரு திட்டு, டேப் ஒட்டின உயரத்துக்கு ஆர்மை வச்சுப் பாத்தா விரல் நேரா அது மேலதான் உக்காருது. நிக்க வேண்டிய இடைவெளியில கறுப்பா கிரீஸும் செப்புத் தூளும் கலந்த ஒரு கோடு. ரப்பர் மூடி பக்கம் ஷாஃப்டை சுத்தி துரு தடம், தண்ணி அங்க இருந்துதான் வந்திருக்கு. கார்பன் பிரஷ் நிறைய மிச்சம் இருக்கு, காயில் சுத்தமா இருக்கு. இந்த மோட்டாரைத்தான் தூக்கிப் போடச் சொன்னாங்கன்னு நினைச்சா ஆத்திரமா வருது, ஒரு மீட்டரை எடுத்து வச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்.

பேப்பர் தேவைப்படல, அழிரப்பரும் கிளீனருமே போதுமா இருந்துச்சு. கியருக்கு வெள்ளை கிரீஸ், தடத்துக்கு மெல்லிசா ஒரு படலம், நியூட்ரல் சிலிகான், புது ரப்பர் மூடி. வெளிய டெஸ்ட் பண்ணும்போது அரை சுத்துக்கு அரை சுத்து கரெக்டா நின்னுச்சு. மாட்டின பிறகு மழையிலயும் ஓட்டியாச்சு, ஒரு தடவை கூட நிக்கல, ஆடவும் இல்ல.

ஒரே ஒரு விஷயம்தான் மிச்சம். ரெண்டு கண்ணும் ஒண்ணா கிளம்புது, ஆனா இடது பக்கம் ஒரு கண் இமைக்கற நேரம் பிந்திதான் மேல போய் சேருது. இது இப்படியேதான் இருக்குமா, இல்ல இன்னும் ஏதாவது பாக்கணுமா?


வயரிங்பித்தன்:

ரொம்ப சந்தோஷம் நண்பா. இரவுப்பயணி சொன்னது சரி, பேப்பர் இல்லாமலே போறதுன்னா அதுதான் நல்லது.

அந்த சின்ன தாமதம் ஆபத்து இல்ல, இந்த வயசுல ரெண்டு மோட்டாரும் அச்சு அசலா ஒரே வேகத்துல ஓடாது. ஆனாலும் எர்த்தை ஒரு தடவை அளந்து பாத்துடுங்க. மீட்டரோட ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்ல, இன்னொரு முனை மோட்டார் கனெக்டரோட எர்த் வயர்ல, யாரையாவது ஸ்விட்ச் போடச் சொல்லி விளக்கு ஏறிக்கிட்டு இருக்கும்போதே படிங்க. 0.2 வோல்ட்டுக்கு மேல வந்துச்சுன்னா எர்த் போல்ட்டை கழட்டி பாடியில பெயின்ட் துரு இல்லாம சுரண்டி மறுபடி முடுக்குங்க. பாசிட்டிவ் பக்கமும் அதே மாதிரி, பேட்டரி பாசிட்டிவுக்கும் மோட்டார் சப்ளை வயருக்கும் நடுவுல அளங்க, அரை வோல்ட்டுக்கு மேல காணாம போகுதுன்னா வழியில ஏதோ ஒரு கனெக்டர் காஞ்சு போயிருக்கு. ரெண்டு பக்கமும் அளவு சமமா வந்தா விட்டுடுங்க, கீல்லயும் லிங்க் முனையிலயும் ஒரு சொட்டு எண்ணெய் மட்டும் போடுங்க.

வலது பக்க ரப்பர் மூடியும் அதே வயசுதான், இப்ப முழுசா இருந்தாலும் அதையும் சேர்த்து மாத்திடுங்க. அப்புறம் லிங்க் ராடை கழட்டி மாட்டினதால லைட் பீம் உயரம் லேசா மாறியிருக்கலாம். சமதரையில சுவருக்கு நேரா நிறுத்தி, லோ பீம்ல ரெண்டு பக்க வெளிச்சத்தோட மேல் விளிம்பும் ஒரே உயரத்துல விழுதான்னு பாருங்க. இடது பக்கம் தூக்கலா இருந்தா லைட் வளையத்துல இருக்கற அட்ஜஸ்ட் ஸ்குரூவை தொடறதுக்கு முன்னாடி விளக்கு டப்பா மேல போய் ஸ்டாப்பர்ல ஒழுங்கா உக்காருதான்னு கையால அமுக்கிப் பாருங்க. ஆடுச்சுன்னா பால் ஜாயின்ட் கப் முழுசா அமுங்கி உக்காரலன்னு அர்த்தம், அதை அமுக்கி விட்டுட்டு மறுபடி சுவர்ல பாருங்க.